நிகழ்தகவுப் பரவல்கள்: மும்பை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, தாராவி, டோம்பிவ்லி பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும்போது வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பி.எஸ்சி மாணவர்கள் உண்டு, ஆக்சுவரி (காப்பீட்டு அபாயங்களைக் கணக்கிடும் நிபுணர்) தேர்வுக்குப் படிப்பவர்கள் உண்டு, அந்தேரியிலும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் டேட்டா வேலை பார்ப்பவர்கள் உண்டு. பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் அப்பா அம்மாக்களும் கேட்பார்கள். சூத்திரங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். எந்தப் பரவல் எங்கிருந்து வருகிறது, எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதற்குத்தான் இங்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பரவல் என்றால் என்ன? சூத்திரம் இல்லாமல் சொல்லுங்களேன்.

இன்னும் தெரியாத ஓர் எண் இருக்கிறது. அது என்னென்ன மதிப்பாக வரலாம், ஒவ்வொன்றும் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் முழுக் கணக்குதான் பரவல். இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை வரலாம். 7 வருவதற்கு 36ல் 6 வழி, 2 வருவதற்கு ஒரே வழி. எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் 1 வர வேண்டும். அவ்வளவுதான்.

இது ஏன் தேவை என்றால், சராசரி நிறைய விஷயத்தை மறைத்துவிடும். ஒரு ரயில் சராசரியாக 4 நிமிடம் தாமதம் என்கிறார்கள். தினமும் சரியாக 4 நிமிடம் தாமதமாக வந்தாலும் சராசரி 4தான். ஒன்பது நாள் நேரத்துக்கு வந்து பத்தாவது நாள் 40 நிமிடம் தாமதமானாலும் சராசரி 4தான். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

இத்தனை பரவல்களையும் மனப்பாடம் செய்யணுமா?

வேண்டாம். பெயரிலிருந்து தொடங்குவதால்தான் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் கசக்கிறது. கையில் இருக்கும் எண் எப்படி உருவானது என்று முதலில் கேளுங்கள். குறிப்பிட்ட தடவை முயன்று, அதில் எத்தனை வெற்றி என்று எண்ணினீர்களா? ஒரு கால அளவில் எத்தனை சம்பவம் நடந்தது என்று எண்ணினீர்களா? அடுத்த சம்பவம் வரை எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று அளந்தீர்களா? பல சின்னச் சின்ன விஷயங்கள் கூடி அந்த எண் வந்ததா, ஒன்றையொன்று பெருக்கி வந்ததா? அல்லது ஒரு வருடத்தின் மிகப் பெரிய மதிப்பை மட்டும் எடுத்தீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், ஈருறுப்பு, பாய்சான், எக்ஸ்பொனென்ஷியல், இயல்நிலை, லாக்நார்மல், உச்சமதிப்புப் பரவல்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் தாமாகவே வந்து நிற்கும்.

ஜேஇஇ மெயினில் தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா?

ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. ஈருறுப்புப் பரவலுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. முயற்சிகளின் எண்ணிக்கை முன்பே தெரியும், ஒவ்வொன்றிலும் வெற்றி அல்லது தோல்வி, வெற்றி வாய்ப்பு மாறாது, ஒன்றின் முடிவு இன்னொன்றைப் பாதிக்காது. இந்த நான்கும் இருந்தால் அது ஈருறுப்பு.

நான்கு விடைகள் தரப்பட்ட 20 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக 5 சரியாக வரும். 10 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு சுமார் 1.4 சதவீதம்தான். இப்போது மதிப்பெண்ணைப் பாருங்கள். சரி என்றால் 4, தவறு என்றால் 1 கழியும். ஒரு கேள்விக்குச் சராசரி லாபம் கால் மதிப்பெண், 20 கேள்விக்கு 5 மதிப்பெண். ஆனால் மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் வாய்ப்பு 22.5 சதவீதம். அதாவது ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல் இருந்ததையும் இழப்பார்கள்.

நான்கில் ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது ஒரு கேள்விக்குச் சராசரி லாபம் மூன்றில் இரண்டு மதிப்பெண், 20 கேள்விக்கு 13க்கும் மேல். அதனால் என் பதில் இதுதான்: ஒரு விடையையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெறும் ஊகத்திலும் சராசரி லாபம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அந்தத் தேர்வை நூறு தடவை எழுதப்போவதில்லை.

விமானத்தில் இருக்கும் இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்கிறார்களாமே, அதுவும் இதே கணக்குதானா?

அடிப்படை அதுதான். மும்பையிலிருந்து சென்னைக்கு 180 இருக்கை உள்ள விமானம், 185 டிக்கெட் விற்கிறார்கள், ஒவ்வொரு பயணியும் வராமல் போக 5 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 4 பேரோ அதற்குக் குறைவாகவோ வராமல் இருந்தால்தான் இடம் போதாமல் போகும். ஈருறுப்புக் கணக்குப்படி அதற்கான வாய்ப்பு சுமார் 4.3 சதவீதம். இருபத்து மூன்று விமானத்தில் ஒன்றில் யாரையாவது இறக்கிவிட வேண்டியிருக்கும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. பயணிகள் ஒருவரையொருவர் சாராமல் முடிவெடுக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆறு பேரும் சேர்ந்து வரமாட்டார்கள். வருவதென்றால் ஆறு பேரும் வருவார்கள். சராசரி மாறாது, ஆனால் ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடும். சார்பின்மை என்ற சொல்லைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வேலையில் நான் பார்க்கும் தவறான கணக்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியில்தான் சறுக்குகின்றன.

பாய்சான் பரவல் எப்போது வரும்? ஈருறுப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஈருறுப்பில் எத்தனை முயற்சி என்று தெரியும். பாய்சானில் அது தெரியாது, தெரியவும் வேண்டாம். வாய்ப்புகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் சம்பவம் நடக்கும் சாத்தியம் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள், ஒரு நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகள், ஒரு பக்கத்தில் இருக்கும் அச்சுப்பிழைகள் எல்லாம் இந்த வகை. சராசரி என்ற ஒரே எண் தெரிந்தால் போதும், முழுப் பரவலும் கிடைத்துவிடும்.

பிரெஞ்சுக் கணிதர் சிமியோன் டெனி பாய்சான் இதை 1837ல் வெளியிட்டார். மக்கள் மனதில் இது நின்றது 1898ல், போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்ய ராணுவத்தின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது. குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது. 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். மொத்தம் 122 மரணங்கள், சராசரி 0.61. யாரும் இறக்காத பதிவுகள் 109 இருந்தன. பாய்சான் சூத்திரம் சொல்வது 108.7. ஒருவர் இறந்தவை 65, சூத்திரம் 66.3. இருவர் இறந்தவை 22, சூத்திரம் 20.2. மூவர் 3, சூத்திரம் 4.1. நால்வர் 1, சூத்திரம் 0.6.

எந்தக் குதிரை எந்த வீரரை உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 200 பதிவுகளில் எத்தனை பூஜ்யம் வரும் என்று சொல்ல முடிகிறது. இந்த அட்டவணையை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், எனக்கும் அது இன்னும் பழகிப்போகவில்லை.

எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் மூன்று விபத்து. இது தற்செயலாக இருக்க முடியுமா?

முடியும். தற்செயல் என்றால் சம இடைவெளியில் சீராக வரும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. பாய்சான் பரவலில் அப்படி வராது. இங்கே மூன்று, அங்கே ஒன்றுமில்லை என்று கொத்துக் கொத்தாகத்தான் வரும்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, சில பகுதிகளைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். ஆர். டி. கிளார்க் என்ற ஆக்சுவரி 1946ல் தெற்கு லண்டனை கால் சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து எண்ணினார். 576 கட்டங்கள், 537 குண்டுகள். ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229, பாய்சான் கணக்குப்படி சுமார் 227. ஒன்று விழுந்தவை 211, கணக்கும் 211. மற்றவையும் இப்படித்தான் பொருந்தின. அந்தப் பகுதிக்குள் கட்டம் கட்டமாகக் குறிவைத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் வேகத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று வருடப் பதிவை வார்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள், வாதம் நிற்கும்.

என் தம்பி தாராவியிலிருந்து இட்லி எடுத்துப்போய் விற்கிறான். எத்தனை பிளேட் எடுத்துப்போக வேண்டும் என்று கணக்கு சொல்லுமா?

சொல்லும், கொஞ்சம் விவரம் கொடுத்தால். சராசரியாக 120 பிளேட் விற்கிறது, விலை 30 ரூபாய், செய்ய ஆகும் செலவு 12 ரூபாய், மிஞ்சினால் வீண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளேட் குறைந்துபோனால் 18 ரூபாய் லாபம் போகிறது. ஒரு பிளேட் மிஞ்சினால் 12 ரூபாய் நஷ்டம். 18ஐ 30ஆல் வகுத்தால் 0.6. நூறு நாளில் 60 நாள் வந்தவர் எல்லோருக்கும் இட்லி கொடுக்க முடிகிற அளவு எடுத்துப்போவதுதான் லாபம் அதிகம் தரும் அளவு.

அந்த அளவு எது என்பதற்கு ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். விற்பனை பாய்சான் பரவல் என்றால் திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு, 120ன் வர்க்கமூலம், சுமார் 11. ஆனால் மழை நாள், கணபதி விசர்ஜன், மாதக் கடைசி என்று எல்லாம் சேர்ந்து நிஜத்தில் 25 போல இருக்கலாம். 25 என்று எடுத்து இயல்நிலைப் பரவலில் 60 சதவீதப் புள்ளியைப் பார்த்தால் 126 பிளேட். செலவு 12க்குப் பதில் 5 ரூபாய்தான் என்றால் விடை 144க்குப் போகும். பொருள் மலிவாகவும் லாபம் அதிகமாகவும் இருந்தால் தாராளமாக எடுத்துப்போகலாம் என்பது தம்பிக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். எவ்வளவு தாராளம் என்பதைத்தான் பரவல் எண்ணாகச் சொல்கிறது.

அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தினமும் எத்தனை விற்றது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று குறித்து வைப்பது. சீக்கிரம் தீர்ந்துபோன நாளில் விற்பனை எண் உண்மையான தேவையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அதனால் நேரமும் வேண்டும்.

பாய்சான் பொருந்துகிறதா என்று சட்டென்று பார்க்க வழி உண்டா?

உண்டு. சராசரியையும் பரவற்படியையும், அதாவது திட்டவிலக்கத்தின் வர்க்கத்தையும், பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பாய்சானில் இரண்டும் சமம். இட்லிக் கணக்கில் சராசரி 120, பரவற்படி 625, பொருந்தவே இல்லை. இப்படிப் பரவற்படி பெரிதாக இருந்தால், நாளுக்கு நாள் சராசரியே மாறுகிறது என்று அர்த்தம். அங்கே எதிர்மறை ஈருறுப்புப் பரவலை எடுப்பார்கள். காப்பீட்டு நிறுவனங்களில் இது தினசரி நடப்பது, எல்லா ஓட்டுநருக்கும் விபத்து வாய்ப்பு ஒன்றாக இருப்பதில்லையே.

10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். சராசரியாக 5 நிமிடம்தானே காத்திருக்க வேண்டும்? எனக்கு ஏன் எப்போதும் அதிகமாகிறது?

உங்கள் மனப்பிரமை இல்லை. பஸ் சரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நீங்கள் எந்த நேரத்தில் வந்து நின்றாலும் காத்திருப்பு 0 முதல் 10 வரை சீரான பரவல், சராசரி 5. அட்டவணைப்படி ஓடும் லோக்கல் ரயிலுக்கு இது ஓரளவு பொருந்தும்.

பஸ் ட்ராஃபிக்கில் மாட்டும். இடைவெளி ஒரு தடவை 5, அடுத்த தடவை 15 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி 10தான். ஆனால் நீங்கள் போய் நிற்கும் நேரம் 15 நிமிட இடைவெளிக்குள் விழும் வாய்ப்பு நான்கில் மூன்று, ஏனென்றால் நேரத்தில் முக்கால் பங்கை அதுதான் பிடித்திருக்கிறது. அங்கே சராசரிக் காத்திருப்பு 7.5, சின்ன இடைவெளியில் 2.5. சேர்த்துப் பார்த்தால் 6.25 நிமிடம். இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவந்து அப்புறம் 20 நிமிடம் ஒன்றுமே வராவிட்டால் காத்திருப்பு 10 நிமிடம். சராசரி இடைவெளி அப்போதும் 10தான்!

இதற்கு ஒரு சின்ன சூத்திரம் உண்டு. சராசரி இடைவெளியில் பாதி, கூட இடைவெளிகளின் பரவற்படியை இரண்டு மடங்கு சராசரியால் வகுத்தது. முதல் பகுதியைக் குறைக்க அதிக பஸ் வேண்டும், செலவு. இரண்டாம் பகுதியைக் குறைக்க ஒழுங்கான இடைவெளி போதும். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசினால் நின்று நின்று கால் கடுக்கும் எத்தனையோ பேருக்கு நல்லது.

எக்ஸ்பொனென்ஷியல் பரவலுக்கு நினைவே கிடையாது என்கிறார்களே?

பஸ்கள் முழுக்கத் தற்செயலாக, பாய்சான் முறையில் வந்தால் இடைவெளி எக்ஸ்பொனென்ஷியல் பரவலாகும். அதில் நீங்கள் ஏற்கெனவே 10 நிமிடம் நின்றிருந்தாலும், இனி காத்திருக்க வேண்டிய சராசரி அதே 10 நிமிடம்தான். கடந்த காலம் கணக்கில் வராது. 1909ல் கோபன்ஹேகனில் ஏ. கே. எர்லாங் தொலைபேசி அழைப்புகள் பாய்சான் முறையில் வருகின்றன என்று காட்டி, எத்தனை இணைப்புகள் தேவை என்ற ஆய்வுக்கு வழி திறந்தார். இன்றைய கால் சென்டர்களில் எத்தனை பேரை உட்காரவைப்பது என்ற கணக்கு அந்த வழியில் வந்ததுதான்.

தேய்ந்துபோகும் பொருளுக்கு இது பொருந்தாது. பழைய மிக்ஸி புது மிக்ஸி மாதிரி நடந்துகொள்ளாது. அங்கே வைபுல் பரவலை எடுங்கள். அதன் வடிவ எண் 1க்குக் கீழே என்றால் புதிதில்தான் பழுது அதிகம், 1 என்றால் எக்ஸ்பொனென்ஷியல், 1க்கு மேல் என்றால் வயதாக ஆகப் பழுது கூடும்.

இயல்நிலைப் பரவல் ஏன் எங்கே பார்த்தாலும் வருகிறது?

பல சின்னக் காரணங்கள் கூடி ஓர் எண்ணை உருவாக்கினால், ஒவ்வொரு காரணத்தின் பரவலும் எப்படி இருந்தாலும் கூட்டுத்தொகை மணி வடிவத்துக்கு வந்துவிடுகிறது. 1733லேயே தெ மோய்வ்ர், நாணயச் சுண்டலில் இதைக் கண்டுபிடித்தார். லாப்லாஸ் விரிவாக்கினார். 1809ல் காஸ் வானியல் அளவீட்டுப் பிழைகளுக்குப் பயன்படுத்தினார். சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7.

நிபந்தனைகளை மறந்துவிடாதீர்கள். காரணங்கள் பல இருக்க வேண்டும், பெரும்பாலும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும், எந்த ஒன்றும் மற்றவற்றை அமுக்கிவிடக் கூடாது. வயதுவந்தவர்களின் உயரம் ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகப் பார்த்தால் நன்றாகப் பொருந்தும். சுலபமான தேர்வின் மதிப்பெண் பொருந்தாது, எல்லாரும் 100க்குப் பக்கத்தில் குவிந்துவிடுவார்கள். அதற்கு மணி வடிவத்தைத் திணிப்பது பிள்ளைகளுக்கு அநியாயம்.

அளவீடுகளின் எண்ணிக்கை 30ஐத் தாண்டினால் அவற்றின் சராசரியை இயல்நிலை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது வசதிக்கு வைத்த விதி. சமச்சீரான தரவுக்கு 10 போதும், மிகவும் சாய்ந்த தரவுக்கு 300கூடப் போதாது.

தலால் தெருவில் வேலை பார்க்கிறேன். பங்குச் சந்தைக்கு இயல்நிலையை எடுப்பதில் என்ன தவறு?

சாதாரண நாட்களுக்குப் பெரிய தவறில்லை. உங்களைக் காலி செய்வது சாதாரண நாள் இல்லையே. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகளுக்கு மேல், 13 சதவீதம் விழுந்தது. ஒரு நாள் மாற்றத்தின் திட்டவிலக்கம் 1.3 சதவீதம் என்று எடுத்தால் அது 10 திட்டவிலக்கம். இயல்நிலைப் பரவல்படி அப்படி ஒரு நாள், பிரபஞ்சத்தின் வயதைப்போல ஆயிரம் கோடி மடங்குக்கும் மேலான காலம் காத்திருந்தால் ஒருமுறை வரலாம். நியூயார்க்கில் 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது.

இத்தனை குறைந்த காலத்தில் இவை நடந்திருக்கின்றன என்றால், தவறு சந்தையில் இல்லை, நாம் எடுத்த பரவலில் இருக்கிறது. பயம் வந்தால் எல்லாரும் சேர்ந்து விற்கிறார்கள், சார்பின்மை உடைந்துவிடுகிறது. பதற்றமான நாட்கள் அடுத்தடுத்து வருவதால் திட்டவிலக்கமும் நிலையாக இருப்பதில்லை. வால் தடித்த பரவல்களை, அதாவது மிகப் பெரிய மாற்றங்களுக்கும் கணிசமான வாய்ப்புத் தருபவற்றை, உதாரணமாக டி பரவலை எடுங்கள். எந்தப் பரவலை எடுத்தாலும், 2020 மார்ச் திரும்பி வந்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சராசரிச் சம்பளம் என்று செய்தியில் வரும் எண் ஏன் நமக்கு ஒட்டுவதே இல்லை?

சம்பளம், வாடகை, மருத்துவச் செலவு எல்லாம் பெருக்கலில் வளர்பவை. பத்து சதவீத உயர்வு 20,000 வாங்குபவருக்கு 2,000, 2 லட்சம் வாங்குபவருக்கு 20,000. பல காரணங்கள் பெருகி வந்தால் லாக்நார்மல் பரவல் கிடைக்கும், வலது பக்கம் நீண்ட வால். நடுவில் இருப்பவர் 40,000 வாங்குகிறார், மடக்கை அளவில் திட்டவிலக்கம் 1 என்று வைத்தால் சராசரி சுமார் 66,000 வந்துவிடும். நூற்றில் 69 பேர் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். அதனால் வருமானம் பற்றிய செய்தியில் இடைநிலை, அதாவது நடுவில் இருப்பவரின் வருமானம், என்ன என்று கேளுங்கள்.

2005 ஜூலை 26 மழை மாதிரி இன்னொன்று வருமா? நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்றால் என்ன?

அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். ஒரு ஜூலை மாதம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். அதே நாள் கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரத்துக்குள் இப்படி ஒரு வித்தியாசம்.

தினசரி மழையின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் வைத்து இப்படிப்பட்ட நாளைப் பற்றிப் பேச முடியாது. ஒவ்வொரு வருடத்தின் மிக அதிக மழை நாளை மட்டும் எடுத்து அதற்குத் தனிப் பரவல் பொருத்துவார்கள், கம்பெல் பரவலும் அதன் உறவுகளும். 1928ல் ஃபிஷரும் டிப்பெட்டும் போட்ட அடித்தளம் அது. பாலம், மழைநீர் வடிகால், அணை எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

நூறு ஆண்டு மழை என்றால், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 99 வருடம் நிம்மதி என்று அர்த்தமில்லை. எந்த வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். குர்லாவில் தரைத்தளத்தில் 30 வருட வீட்டுக் கடனோடு ஒரு ஃப்ளாட் வாங்குகிறீர்கள். அந்த 30 வருடத்துக்குள் அப்படி ஒரு மழை ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம், நான்கில் ஒன்று. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த 1 சதவீதமே பழைய பதிவுகளிலிருந்து வந்தது. வளிமண்டலம் சூடாகி அதிக ஈரம் தாங்கும்போது பழைய பரவல் அப்படியே நிற்காது. வடிகால் வடிவமைப்பவர்கள் பரவல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் இனிக் கணக்கு போட வேண்டும்.

150 டப்பா அனுப்பினேன், ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. கெடும் வாய்ப்பு பூஜ்யம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. 3ஐ எண்ணிக்கையால் வகுங்கள். 150க்கு 2 சதவீதம். உண்மையான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று மட்டும்தான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும்.

டி பரவல் எதற்கு?

அளவீடுகள் குறைவாக இருக்கும்போது, திட்டவிலக்கமே சரியாகத் தெரியாது என்பதைக் கணக்கில் சேர்க்க. டப்ளினின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908ல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். அளவீடு கூடக் கூட இயல்நிலையோடு சேர்ந்துவிடும்.

இதை முறையாகப் படிக்க மும்பையில் என்ன வழி?

ஆக்சுவரி ஆக விரும்பினால் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வுகளில் சிஎஸ்1 என்ற தாளில் இந்தப் பரவல்கள் வரும். முதுகலைக்கு ஐஐடிகளின் ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தனித் தாள். செம்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வது பக்கத்திலேயே தேவ்னாரில் இருக்கும் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956ல் தொடங்கியது, தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவது அவர்கள்தான். பிறப்பு, இறப்பு, திருமண வயது என்று மனித வாழ்க்கையே அங்கே பரவலாகப் படிக்கப்படுகிறது. காசில்லாமல் படிக்க என்பிடெல் இணையப் பாடங்கள் இருக்கின்றன.

என் சொந்தத் தரவில் எதைச் செய்து பார்க்கலாம்?

உங்கள் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியல் போதும். இரண்டு மாதத்துக்கு, ஒரு நாளில் எத்தனை அழைப்பு வந்தது என்று எக்செல்லில் ஒரு பத்தி. சராசரி, பரவற்படி இரண்டையும் போடுங்கள். பரவற்படி பெரிதாக வரும், அநேகமாக நிச்சயம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாக, வேலை நாட்களைத் தனியாகப் பிரித்து மறுபடி போடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு எண்களும் கொஞ்சம் நெருங்கிவரும். அப்புறம் அடுத்தடுத்த அழைப்புகளுக்கு இடையில் எத்தனை நிமிடம் என்று ஒரு வரைபடம் போடுங்கள். சின்ன இடைவெளிகள் எக்ஸ்பொனென்ஷியல் சொல்வதைவிட அதிகமாக இருந்தால், ஒரே ஆள் லைன் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவை அவை. அவற்றை ஒரே அழைப்பாக எண்ணிவிட்டு வரைபடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள்.